பாவாயி வீட்டு முருங்கை முழுகாமல் இருந்தது

ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு, எங்கள் பாவடித் தெருவில் பாவாயி வீட்டுப் புழக்கடை முருங்கை மரம் முழுகாமல் இருக்கிறது என்று தெரிந்தது, தெரிந்த அன்று தெருவில் ஒருவர்கூட "மரம் எப்படி?" என்று கேட்கவில்லை, "எத்தனை மாசம்?" என்றுதான் கேட்டார்கள், ஏனென்றால் இரவும் பகலும் விசைத்தறி ஓடுகிற தெருவில் நின்று விளக்கம் கேட்க யாருக்கும் நேரமில்லை, அது தவிர, பாவாயி வீட்டில் ஏதாவது ஒன்று வாயும் வயிறுமாக ஆகட்டும் என்று நாங்கள் அத்தனை பேரும் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தோம், வேண்டும்போது மருமகள் என்று குறிப்பிட்டுச் சொல்லாமல் விட்டது எங்கள் தப்பாகக்கூட இருக்கலாம்.

இதைச் சொல்கிற நான் அடுத்த வீட்டுச் செங்கமலம். மரம் அவர்களுடையது, சுவர் என்னுடையது. இந்த விஷயத்தில் முதல் நஷ்டம் எனக்குத்தான் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு மரத்தின் பெருமையில் எல்லாரும் என் சுவரை மறந்துபோனார்கள். பொங்கலுக்கு நான் என் கையால் கரைத்து அடித்த சுண்ணாம்பு, ஆடி மாதம் விடிந்தால் ஒரு முழம் காணாமல் போய்க்கொண்டிருந்தது. ஆட்டுக்காரியைச் சந்தேகப்பட்டேன், கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாவைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் ஒருநாள் பால் வாங்கப் போகும்போது என் கண்ணாலேயே பார்த்தேன்: முருங்கையின் ஒரு கிளை சுவர்மேல் சாய்ந்து இலை நுனியால் சுண்ணாம்பைச் சுரண்டிச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தது, என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுப் பின்வாங்கிக்கொண்டது. அதற்கப்புறம் கவனித்ததில் மற்றதும் தெரிந்தது. விடியும் முன்னால் பிசின் பிசினாகக் கக்கியது. பாவாயி கடுகு தாளித்தால் இலைகள் மொத்தமும் தெற்கே திரும்பிக்கொண்டன. யார் வீட்டில் எலுமிச்சை ஊறுகாய் ஜாடியைத் திறந்தாலும் கிளைகள் அந்தப் பக்கம் நீண்டன. பாவாயி வந்து, வீங்கியிருந்த அடிமரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"செங்கா, சுண்ணாம்பு திங்கறதும் காலங்காத்தால கக்கறதும் என்னன்னு நமக்குத் தெரியாதா? மசக்கைதான் இது," என்றாள். மத்தியானத்துக்குள் தெருவின் இரண்டு முனைக்கும் சேதி போய்விட்டது.

பாவாயிக்கு ஒரே மகன் பூபதி, ஆறு தறி ஓட்டுகிறவன், அவன் பெண்டாட்டி சுகுணா. சுகுணாவைப் பற்றிச் சொல்வதென்றால், நல்ல பெண், சிரித்த முகம், வளையல் போட்டால் முழங்கைவரை தடையில்லாமல் ஏறும். அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு, எங்கள் எல்லார் வீட்டிலும் உண்டு: முதலில் பூபதி, பிறகு தறிக்கு வந்த ஆட்கள், பிறகு பாவாயி, பிறகு பூனை, பிறகு சுகுணா, சில நாள் பூனை பிந்தி வரும், அன்று மட்டும் சுகுணாவுக்குக் கொஞ்சம் குழம்பு மிஞ்சும். மிஞ்சாத நாளில் பசி அடங்க ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு நூல் சுற்ற உட்கார்ந்துவிடுவாள். இதற்காகப் பாவாயியைக் கொடுமைக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அவளும் அவள் மாமியார் வீட்டில் பூனைக்கு அப்புறம் சாப்பிட்டவள்தான்.

இன்னொரு வழக்கமும் எங்களுக்கு உண்டு. ஒருத்திக்கு நாள் தள்ளிப்போனால் மூன்று மாசம் மூச்சு விடக்கூடாது, தாய்வீட்டுக்குக்கூடச் சொல்லக்கூடாது, சொன்னால் கண் பட்டுவிடும். மறைப்பது என்றால் வாயை மூடிக்கொள்வது மட்டும் இல்லை, எல்லாம் எப்போதும்போல நடக்க வேண்டும்: குடம் தூக்குகிறவள் குடம் தூக்க வேண்டும், நூல்கூடை சுமக்கிறவள் சுமக்க வேண்டும், விரதம் இருக்கிறவள் விரதம் இருக்க வேண்டும், ஒரு வேளை தவறினாலும் "என்ன அம்மணி, ஏதாச்சும் விசேஷமா?" என்று என்னைப் போன்றவர்கள் கேட்டுவிடுவோம். சுகுணா அப்படி இரண்டு முறை மறைத்தாள். இரண்டு முறையும் மூன்றாம் மாசம் முடிவதற்குள் போய்விட்டது. அதிலும் இரண்டாவது முறை, வயிற்றில் ஒன்று இருப்பது தெரிந்தே, கந்த சஷ்டி ஆறு நாளும் வெறும் தண்ணீரில் விரதம் இருந்தாள். பிள்ளை வரம் கேட்டு இருக்கிற விரதத்தை, வரம் கிடைத்தவள் இருக்காமல் விட்டால் தெரு கண்டுபிடித்துவிடுமே. பிறகு அது போனபோது, தெரியாத ஒன்றுக்குத் துக்கம் கேட்க யாரும் வர முடியாது என்பதால் யாரும் போகவில்லை, மறுநாளே அவள் நூல் சுற்ற உட்கார்ந்தாள். எனக்கே சுவர் வழியாகக் காதில் விழுந்துதான் தெரியும். அவளுக்கு வீடு வேண்டாம், நகை வேண்டாம், ஒன்றே ஒன்று தங்க வேண்டும், மூன்றாவதும் இப்படியே போய்விட்டால் தாங்க மாட்டேன் என்று ஒருநாள் துணி துவைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

எங்கள் தெருவுக்கு வருகிற நர்சம்மாவின் பெயர் எப்சிபா, திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, கோபம் வந்தால் பேச்சு பாட்டு மாதிரி இருக்கும். சுகுணாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, ரத்தமே இல்லை, முதலில் உடம்பைத் தேற்று, பிள்ளை அப்புறம் வரட்டும், நாள் தள்ளிப்போகிறதுக்கு முன்னாலிருந்தே இதைப் போடு என்று சிவப்பு மாத்திரையும் சின்ன மஞ்சள் மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போனாள். எங்களுக்கோ அந்தச் சிவப்பு மாத்திரை போட்டால் பிள்ளை கறுத்துப்போகும் என்பது பிறவியிலேயே தெரியும். நர்சம்மா காலி அட்டையைக் காட்டச் சொல்வாள், காட்டினோம். மாத்திரை போன இடம்தான் வீட்டுக்கு வீடு வேறு: எங்கள் வீட்டில் சாக்கடை, எதிரே லோகநாயகி வீட்டில் கோழிகள், சுகுணா வீட்டில் முருங்கைத் தூர். குமட்டுகிறது என்று அவளும், கறுத்துப்போகும் என்று பாவாயியும் சேர்ந்து எடுத்த முடிவு அது. மாமியாரும் மருமகளும் ஒத்துப்போன விஷயம் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

மரத்தின் விஷயத்தில் மூன்று மாசம் மறைக்கிற பேச்சுக்கே இடமில்லை, கூரையைத் தாண்டி நிற்கிற மரத்தை எந்தச் சேலையால் மூடுவது? எல்லாருக்கும் தெரிந்தே போயிற்று, ஆகவே கண்ணேறுக்குப் பூசணி கட்டினார்கள், பழஞ்செருப்பு தொங்கவிட்டார்கள், கறுப்புக் கயிறு சுற்றினார்கள், பிறகு மனம் நிம்மதியாகி, பாவம் வாய்க்கு ருசியாக எதைக் கேட்கிறதோ என்று கொண்டுவந்து கொட்ட ஆரம்பித்தார்கள். ராகிப் புட்டு வந்தது, கருப்பட்டி போட்ட எள்ளுருண்டை வந்தது, தட்டைப்பயறு சுண்டலும் மாதுளையும் பேரீச்சம்பழமும் வந்தன, லோகநாயகி நாட்டுக்கோழி முட்டை அவித்துக்கொண்டு வந்தாள், கறிக்கடைக்காரன் பெண்டாட்டி ஈரலை மிளகு போட்டு வறுத்து மூடிய சட்டியில் கொண்டுவந்தாள், பப்பாளி கொண்டுவந்த ஒருத்தியை மட்டும் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். ஒருவர் வீட்டு மருமகள் மசக்கை என்றால் ஒரு வாழைப்பழம் கொடுக்க யோசிக்கிற தெரு இது, மரம் என்றதும் அத்தனை தாராளம். எனக்கு இப்போதும் ஆச்சரியமான விஷயம் அது ஒன்றுதான்.

சாப்பாட்டை இலையில் போட்டுத் தூரில் வைத்தால் மரம் கிளையைத் தாழ்த்தி மணத்தை எடுத்துக்கொள்ளும், இலைகள் சிலிர்க்கும், அவ்வளவுதான், பண்டம் அப்படியே இருக்கும். மிச்சத்தை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது பாவாயிதான் தீர்ப்புச் சொன்னாள். ஔவை நோன்புக் கொழுக்கட்டைக்கு என்ன சட்டமோ அதே சட்டம்: ஆண் வாயில் படக்கூடாது, வாசலைத் தாண்டக்கூடாது, ஒரு பருக்கையைக்கூட வீசக்கூடாது, உச்சி சாய்வதற்குள் அந்த வீட்டுப் பெண் தின்று தீர்க்க வேண்டும். அந்த வீட்டில் பெண் என்றால் இரண்டு பேர், பாவாயிக்கு வாயு, ஆகவே சுகுணா.

முதல் நாள் சுகுணா இலைக்கு முன்னால் உட்கார்ந்தவள் கையை வைக்கவே இல்லை, யாராவது சாப்பிட வருகிறார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து பகல் சாப்பாட்டை அவள் சூடாகத் தொட்டதில்லை. உச்சி சாயப்போகிறது, மரத்துக்குக் குற்றம் வந்தால் உன்னைச் சும்மா விடமாட்டேன் என்று பாவாயி அதட்டிய பிறகுதான் ஒரு வாய் எடுத்தாள், எடுத்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஈரலில் மிளகு கூடிப்போயிற்று என்று சொன்னாள். நான் நம்பவில்லை.

ஆண்கள் பாடு திண்டாட்டம் ஆனது. பூபதி தறிக்கு நடுவே ரசஞ்சோற்றைப் பிசைந்துகொண்டு இருக்கும்போது புழக்கடையிலிருந்து வறுவல் மணம் வரும், எட்டிப் பார்த்தால் ஆம்பளைக் கண் படக்கூடாது என்று பாவாயி கதவைச் சாத்துவாள். தான் மரமாகப் பிறந்திருக்கலாம் என்று அவன் டீக்கடையில் புலம்பியதாகக் கேள்வி. புரட்டாசி வந்தபோது, ஊரே கவிச்சி தொடாத மாதத்தில் மரத்துக்கு முட்டை உண்டா இல்லையா என்று இரண்டு நாள் வாதம் நடந்தது, வயிற்றுப் பிள்ளைக்காரிக்குப் புரட்டாசி கிடையாது என்று கோயில் பூசாரியின் பெண்டாட்டியே சொன்னதால் பிரச்சினை தீர்ந்தது. கொண்டுவருகிறவர்கள் வைத்துவிட்டுப் போவதில்லை, சுகுணா ஒருத்தியால் அத்தனையும் தின்ன முடியாது என்று உட்கார்ந்து கைகொடுத்தார்கள், வரவர எங்கள் தெரு மருமகள்கள் பாதிப் பேர் பதினொரு மணிக்கு அந்த மரத்தடியில்தான், நூல் சுற்ற ஆளில்லாமல் தறிகள் நின்றன, முதலாளிகள் முணுமுணுத்தார்கள். மாசமாக இருக்கிற மரத்தோடு யார் சண்டை போடுவது?

புரட்டாசிக்கு முன்னால், ஆவணியிலேயே ஒருநாள் நர்சம்மா எப்சிபா வந்தாள். மரத்தைப் பார்த்தாள், பையை இறக்கினாள், ரத்தக்கொதிப்புப் பட்டையை ஒரு கிளையில் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தாள், ஓர் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து இன்னும் கொஞ்சம் வெளுப்பு இருக்கிறது என்றாள், சுவரைத் தின்பது ரத்தக் குறைவுதான் என்றும் சொன்னாள். பிறகு, இந்த மரத்துக்கு மாத்திரை போட்டது யார் என்று கேட்டாள். சாக்கடையும் கோழிகளும் நினைவுக்கு வந்து நாங்கள் ஓரடி பின்னால் நகர்ந்தோம். நான்தான் என்று சுகுணா சொன்னாள்.

"பதினோரு வருசமா இந்தத் தெருவுக்கு நடையா நடக்கேன். ஒழுங்கா மாத்திரைய முழுங்குனது இந்த மரம் ஒண்ணுதான்," என்றாள் நர்சம்மா. சொல்லிவிட்டு அங்கேயே கல்லின்மேல் உட்கார்ந்து அரை மணி நேரம் எங்களைத் திட்டினாள், பாட்டு மாதிரித்தான் இருந்தது, திட்டின களைப்பில் இலையிலிருந்து இரண்டு எள்ளுருண்டையும் எடுத்துத் தின்றாள். மரத்தின் தூரில் மிச்ச டீயை ஊற்றாதே, சாப்பாட்டோடு டீ சேர்ந்தால் தின்ற சத்து ஒட்டாது என்றாள். கீரைக்கு எலுமிச்சை பிழி, குமட்டினால் மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கொடு என்றாள். எங்களுக்கு இத்தனை நாள் சொன்னதும் இதேதான். மரத்துக்கு என்றதும் அத்தனை பேரும் கவனமாகக் கேட்டோம். மாத்திரை கொடுத்தால் மரத்தின் பிள்ளை கறுத்துப்போகாதா என்று பாவாயி கவலையோடு விசாரித்தாள்.

"கறுத்தா உங்களுக்கென்ன, கட்டிக்குடுக்கவா போறிய?" என்றாள் நர்சம்மா.

மறுநாளிலிருந்து இலையில் புட்டுக்கும் முட்டைக்கும் பக்கத்தில் ஒரு சிவப்பு மாத்திரையும் ஒரு மஞ்சள் மாத்திரையும் இருந்தன. படைத்ததில் எதையும் வீசக்கூடாது என்று சட்டம் போட்டவள் பாவாயி, இப்போது அந்தச் சட்டத்திலேயே மாட்டிக்கொண்டாள். மூன்று நாள் அந்த மாத்திரைகளை ஒரு கிண்ணியில் போட்டு வைத்துக்கொண்டு யோசித்தாள், சாமி குத்தமா பிள்ளை நிறமா என்று எடைபோட்டுப் பார்த்தாள், கடைசியில் சாமிக்குப் பயந்து, முழுங்கித் தொலை என்று சுகுணாவிடம் நீட்டினாள். பிள்ளை நிறம் குறைவதை ஈடுகட்டப் பாலில் ஒரு சிட்டிகை குங்குமப்பூவையும் போட்டுக் கொடுத்தாள், அந்தப் பாலும் மரத்துக்குக் காட்டிவிட்டுத்தான். புரட்டாசி முடிவதற்குள் சுகுணாவின் வளையல் மணிக்கட்டைத் தாண்டி ஏற மறுத்தது, உதட்டில் நிறம் வந்தது, நூல்கூடையை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவதும் நின்றது. ஐப்பசி பிறந்த சில நாளில் அவளுக்கு நாள் தள்ளிப்போயிற்று. பூபதியிடம் மட்டும் சொன்னாள், அவன் சந்தோஷத்தில் ஒரு தறியை மாற்றி ஓட்டிப் பாவு நூல் அறுந்து, காரணம் சொல்ல முடியாமல் அம்மாவிடம் திட்டு வாங்கினான்.

அப்போதுதான் வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறியது. கந்த சஷ்டி வருகிறது, இந்த வருஷம் விசேஷமாக இருக்க வேண்டும், மரம் நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்கவும் மருமகள் வயிறு திறக்கவும் ஆறு நாளும் மரத்துக்கும் தண்ணீர்தான், மருமகளுக்கும் தண்ணீர்தான் என்று பாவாயி தெருவுக்கே சொல்லிவிட்டாள். பூபதி வாயைத் திறக்கப் போனான், சொன்னால் கண் பட்டுவிடும் என்று அவனுக்கே பயம், மூடிக்கொண்டான். சுகுணா நூல்கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போன சஷ்டியில் அவள் எப்படி இருந்தாள், என்ன ஆனது என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் பாவாயியை நான் தடுக்கவில்லை.

சஷ்டி முதல் நாள் பதினொரு மணிக்கு வழக்கம் விடாமல் வெறுங்கையோடு மரத்தடியில் கூடினோம். சுகுணா சமையலறையிலிருந்து ஒரு தட்டோடு வந்தாள். சோறு, பருப்பு, நெய், ஒரு பக்கம் அரைக்கீரை. மரத்துக்குக் காட்டவில்லை, யாரையும் பார்க்கவில்லை, தூரில் சாய்ந்து உட்கார்ந்து பிசைய ஆரம்பித்தாள். பாவாயி ஓடிவந்து, நோம்பு நாளில் என்ன காரியம் பண்ணுகிறாய் என்று கத்தினாள். எங்கள் தெருவில் கத்துவது கோபம் இல்லை, தறிச் சத்தத்தில் உப்பு இருக்கிறதா என்று கேட்பதற்கே கத்த வேண்டும், ஆகவே சுகுணாவும் கத்தித்தான் பதில் சொன்னாள்.

"நா நோம்பு இருக்கலீங்க அத்தை! எனக்கு நாள் தள்ளிப்போச்சுங்க!"

அதை அவள் சொல்லிப் பாதியில் இருக்கும்போது கரண்ட் போயிற்று. தெரு முழுக்க அத்தனை தறிகளும் ஒரே நேரத்தில் நின்றன, நின்ற அமைதியின் நடுவில் அந்த நாள் தள்ளிப்போச்சு என்பது பாவடித் தெருவின் இரண்டு முனைக்கும் போய், டீக்கடையில் நின்றவர்கள் காதில் விழுந்து, திரும்பியும் வந்தது. பாவாயி முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அவள் சாமர்த்தியக்காரி, தெருவுக்குக் கேட்கிற மாதிரி, "மரத்தச் சொல்றா, மரத்துக்குத்தான் நாள் தள்ளிப்போச்சாமா," என்றாள். நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். நம்பத் தயாராக இருந்தோம், நாங்கள் வாழ்ந்து பழகினது அப்படித்தான். சுகுணாவும் குனிந்து ஒரு வாய் எடுத்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

அவள் கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தாள். இந்தத் தடவை கத்தவில்லை, கத்தத் தேவையும் இல்லை.

"மரமில்லீங்க, நாந்தான். போன ரெண்டு தடவையும் சொல்லாம இருந்தேன். சொல்லாம இருந்து என்னங்க அத்தை மிஞ்சுச்சு? இந்தத் தடவை நா சாப்புடோணும்."

சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள். தெருவே அதைக் கேட்டுக்கொண்டு நின்றது. கரண்ட் வந்த பிறகும் கொஞ்ச நேரம் யாரும் தறியைப் போடவில்லை.

பாவாயி மூன்று நாள் மருமகளோடு பேசவில்லை. ஒரு தெருவின் கண் முழுவதும் ஒரே வயிற்றில் விழுந்துவிட்டதே என்ற பயம் அவளுக்கு, கோபம் இல்லை. பேசாமலே மரத்திலிருந்த பூசணியை அவிழ்த்து மருமகள் படுக்கிற அறை வாசலில் கட்டினாள், பழஞ்செருப்பையும் அங்கே மாற்றினாள், பூபதி இருட்டில் அதில் தினம் தலையை இடித்துக்கொண்டான். மரமும் அன்றைக்கே மாறிப்போனது. மறுநாள் விடியலில் பிசின் இல்லை, அதே நேரத்தில் உள்ளே சுகுணா கக்குகிற சத்தம் கேட்டது. அடிமரம் நாளுக்கு நாள் வற்றியது, இலைகள் தாளிப்பு வாசத்துக்குத் திரும்புவதை நிறுத்தின, என் சுவருக்கும் விடுதலை கிடைத்தது. ரேஷன் கடை வரிசையில் பையைப் போட்டு அடுத்தவளுக்கு இடம் பிடித்து வைப்போமே, அந்த மாதிரி மரம் சுகுணாவுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது, ஆள் வந்ததும் பையை எடுத்துக்கொண்டது என்று தெருவில் முடிவானது. தொட்டில் கட்டத் துணிகூட எடுத்து வைத்திருந்த லோகநாயகிக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். பதினொரு மணிச் சாப்பாட்டை நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை, மரத்துக்குக் காட்டாமல் நேராகவே சுகுணாவுக்கு வைத்தோம்.

தெருவுக்குத் தெரிந்துவிட்டால் எவ்வளவு தொந்தரவு என்பது அதற்கப்புறம்தான் அவளுக்குப் புரிந்திருக்கும். இருமினால் நாலு வீட்டிலிருந்து கேட்டார்கள். குளியலறையில் ஒரு நிமிஷம் கூடுதலாக இருந்தால் கதவைத் தட்டினார்கள். நூல்கூடையைத் தொட்டால் தெருமுனையிலிருந்து ஒரு குரல் வரும். ஆனால் மூன்றாம் மாசம் முடிகிற அந்த மார்கழி வாரம் வந்தபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முன்னே இரண்டு முறையும் போனது அந்த வாரத்தில்தான் என்று எல்லாருக்கும் எப்படியோ தெரிந்திருந்தது. அந்த வாரத்தின் கடைசி நாள், யாரையும் யாரும் கூப்பிடவில்லை, ஆளுக்கொரு தூக்குப் போசியில் சாப்பாட்டோடு வந்து மரத்தடியில் உட்கார்ந்தோம். பூபதி ஆறு தறியையும் நிறுத்தி, பெல்ட் சரியில்லை என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு வாசலில் நின்றான். சுகுணா நடுவில் இருந்தாள், முகத்தில் ரத்தமில்லை, கை வயிற்றின்மேல் இருந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. உச்சி சாய்ந்தது, ஒன்றும் நடக்கவில்லை. அது தங்கியது, ஆனியில் பெண்ணாகப் பிறந்தது, கறுப்பா மாநிறமா என்று பாவாயிக்கும் நர்சம்மாவுக்கும் இன்றைக்கும் வழக்கு ஓடுகிறது. ஆனால் அந்த மத்தியானம் எங்களுக்கு அது தெரியாது. அந்த நேரத்தில் லோகநாயகி, யாரும் கேட்காமல், தன் பெரிய பையனுக்கு முன்னால் ஒன்று போயிருக்கிறது என்றாள். அன்றைக்குச் சாயங்காலமே தறிக்குப் போனதாகச் சொன்னாள். கறிக்கடைக்காரன் பெண்டாட்டி தனக்கு இரண்டு என்றாள். பூசாரி பெண்டாட்டி சொன்னாள், அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் சொன்னாள், நானும் சொன்னேன், என்னுடையது அந்த மரத்தடியோடு இருக்கட்டும். இத்தனை வருஷம் சுவருக்குச் சுவர் ஒட்டி இருந்தும் எங்களில் ஒருத்திக்கு இன்னொருத்தியின் துக்கம் தெரியாது. அழுதோம், வெட்கமில்லாமல் அழுதோம்.

பாவாயி பரிமாறிக்கொண்டிருந்தவள், கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"பூபதிக்கு முன்னால ரெண்டு," என்றாள். "அவங்கப்பனுக்கே தெரியாது. ஒருவாய்ச் சோறு போட ஆளில்லீங் கண்ணு எனக்கு."

சுகுணா எழுந்தாள். எழுந்திருக்காதே என்று நாலு பேர் சொன்னோம், கேட்கவில்லை. மாமியார் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, அவளைத் தான் இருந்த இடத்தில் உட்காரவைத்தாள். புது இலை போட்டாள். கீரை வைத்தாள், முட்டை வைத்தாள், சோறு வைத்து நெய் ஊற்றினாள். பிறகு அந்த இலைக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு இலை போட்டு, அதே மாதிரி வைத்தாள்.

"அந்த ரெண்டு பேத்துக்கும் சேத்துச் சாப்புடுங்க அத்தை," என்றாள்.

பாவாயி மூன்று இலையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். அவள் முடிக்கும்வரை நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.